முப்பது கிலோவும் மூன்று மாடியும்

சமையல் கேஸ் சிலிண்டர் எத்தனை கிலோ என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் "பதினாலு கிலோ" என்றுதான் சொல்வோம். பில்லிலும் அப்படித்தான் இருக்கிறது: 14.2 கிலோ. வாஸ்தவம். ஆனால் அது உள்ளே இருக்கிற கேஸின் எடை மட்டும். இரும்புக் கூட்டின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு நாம் காசு கொடுப்பதில்லை அல்லவா? அடுத்த தடவை சிலிண்டர் வந்தால் மேல் வளையத்துக்குக் கீழே இருக்கிற பட்டையைப் பாருங்கள். 15.4, 15.9, 16.1 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது வெறும் கூட்டின் எடை. இரண்டையும் கூட்டினால் முப்பது கிலோ, கொஞ்சம் முன்னே பின்னே.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் கணவர் சிலிண்டர் போடுகிறவர். 22 வருஷமாகத் திருவல்லிக்கேணியிலும் சுற்றுவட்டாரத்திலும் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத சந்து கிடையாது. எந்த வீட்டில் நாய் உண்டு, எந்த வீட்டில் பாட்டிக்குக் காது கேட்காது, எந்த வீட்டு மாடிப்படியில் ஏழாவது படி மட்டும் அரை அங்குலம் உயரம் என்பது வரையில் அத்துப்படி. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறச் சொன்னாலும் அந்த ஏழாவது படியில் காலைச் சரியாகத் தூக்கி வைப்பார்.

திருவல்லிக்கேணி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படிகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய காலத்துக் கட்டடம். அகலம் இரண்டடி இருந்தால் அதிகம். செங்குத்தாக ஏறி, நடுவில் வெடுக்கென்று ஒரு திருப்பம். வெறும் கையை வீசிக்கொண்டு ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும். புதிதாகக் கட்டிய பிளாட்டுகளில் லிப்ட் இருக்கிறது. ஆனால் அதில் "சாமான் ஏற்றக் கூடாது" என்று பலகை மாட்டியிருக்கும். அல்லது லிப்ட் ரிப்பேர் என்று மாட்டியிருக்கும். மொத்தத்தில் பலகை நிச்சயம்.

ஒரு நாள் ராத்திரி என் பெண் ஒரு கணக்குப் போட்டாள். காலேஜில் பி.காம். படிக்கிறாள், கணக்கென்றால் விடமாட்டாள். அப்பா ஒரு நாளைக்கு முப்பது சிலிண்டர் போடுகிறார். அதில் 12 சிலிண்டராவது மாடி வீடுகளுக்குப் போகும். சராசரி இரண்டு மாடி என்று வைத்துக்கொண்டால், மாடிக்குப் பதினெட்டுப் படி வீதம் முப்பத்தாறு படி. பன்னிரண்டைப் பெருக்கினால் 432 படி. ஏறும்போது தோளில் முப்பது கிலோ. இறங்கும்போது காலி சிலிண்டர், பதினாறு கிலோ.

"அப்பா, திருத்தணி மலைக்கு 365 படிதான். நீங்க தினமும் திருத்தணிக்கு மேலேயே ஏறி இறங்குறீங்க" என்றாள்.

"காவடிக்குப் பதிலா சிலிண்டரு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார். நான் கவனித்துவிட்டேன்.

முழங்கால் வலி என்பது ஒரு நாள் வாசல் கதவைத் தட்டி "நான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி இல்லை. முதலில் காலையில் எழுந்தவுடன் பத்து நிமிஷம் கால் மடங்க மறுத்தது. நடக்க நடக்கச் சரியாகிவிட்டது. பிறகு இறங்கும்போது மட்டும் வலித்தது. இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பாரத்தைச் சுமந்துகொண்டு ஏறும்போது சும்மா இருக்கிற முழங்கால், பாரம் குறைந்து இறங்கும்போது கத்துவானேன்? இதற்கு விடை பிற்பாடு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. அப்புறம் சாயங்காலமானால் வலது முழங்கால் வெள்ளரிக்காய் மாதிரி வீங்க ஆரம்பித்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் வலியைச் சொன்னால் கௌரவம் குறைந்துவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவருடைய கௌரவத்தில் கொஞ்சம் பொருளாதாரமும் கலந்திருந்தது. சிலிண்டர் தூக்கினால்தான் காசு. இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது, சம்பளத்தோடு லீவு கிடையாது. பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு பாக்கி. கால் வலிக்கிறது என்று ஏஜன்ஸியில் சொன்னால், "சரிப்பா, நீ ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்த ரெஸ்டுக்கு முடிவு தேதி இருக்காது.

ஆகவே மருந்துக் கடையில் போய் நின்றார். நம் ஊர் மருந்துக் கடைகளில் "செட் மாத்திரை" என்று ஒன்று உண்டு. வலி என்று சொன்னால் போதும். நாலைந்து டப்பாவிலிருந்து நாலைந்து நிறத்தில் மாத்திரையைக் கத்தரித்து, ஒரு காகிதப் பொட்டலத்தில் போட்டு, "மூணு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று கொடுத்துவிடுவார்கள். சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம், பெயர்கூட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வலி பறந்துவிடும். பறந்து எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எட்டு மாதம் இப்படி ஓடியது. எனக்குத் தெரிந்தது சட்டைப் பையைத் துவைக்கப் போட்ட அன்றைக்குத்தான். பையில் பதினோரு பொட்டலக் காகிதம்.

முகம் உப்பலாக இருந்ததை நான் உடம்பு தேறியிருக்கிறது என்று நினைக்கவில்லை. எங்கள் சித்திக்கு ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது அவள் முகமும் இப்படித்தான் உப்பியது. மறுநாள் திங்கட்கிழமை. "நீங்க வரலைன்னா நானே ஏஜன்ஸிக்குப் போயி சொல்லிடுவேன்" என்றேன். அந்த ஒரு பயமுறுத்தலுக்குத்தான் மனுஷர் மசிந்தார். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றோம்.

எலும்பு டாக்டர் சின்னப் பெண். எங்கள் பெண்ணைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ரத்த அழுத்தத்தைப் பார்த்தாள். ரத்தத்தைச் சோதிக்க எழுதிக் கொடுத்தாள். எனக்கு ஆச்சரியம். முழங்காலுக்கு வந்தவருக்கு மூத்திரப் பரிசோதனை எதற்கு? முடிவு வந்தபோது புரிந்தது. கிரியாட்டினின் 1.7. ரத்த அழுத்தம் 160-க்கு மேல்.

"ஐயா, முழங்கால் தேய்ஞ்சா மாத்து மூட்டு வைக்கலாம். கிட்னி போனா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. கையில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலி மாத்திரைகளில் டைக்ளோபினாக் என்று ஒன்று. நம் வீடுகளில் அநேகமாக எல்லா மருந்து டப்பாவிலும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அளவாக, டாக்டர் சொன்ன நாட்களுக்குச் சாப்பிட்டால் நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், மூத்திரக்காய்க்கு ஆபத்து. நம் நாட்டில் கழுகுகள் அழிந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. காரணம் பல வருஷம் புரியவில்லை. கடைசியில் பார்த்தால் இதே டைக்ளோபினாக்! மாடுகளுக்கு வலிக்குக் கொடுத்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் மூத்திரக்காயைக் கெடுத்துக் கொன்றிருக்கிறது. மாடுகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று 2006-இல் சர்க்கார் தடை போட்டது. மனிதர் கழுகு இல்லை, உண்மைதான். அதற்காகக் கழுகுக்குச் சமமாக ஏன் போட்டி போட வேண்டும்?

எக்ஸ்ரேயில் வலது முழங்காலின் உள்பக்கத்து இடைவெளி சுருங்கியிருந்தது. பெண் டாக்டர் அதைக் காட்டி விளக்கினாள். எலும்பு முனைகளின் மேல் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, வழவழப்பாகக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறதாம். நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு திரவம். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடே அந்தத் திரவத்திலிருந்துதான். பாத்திரம் தேய்க்கிற பஞ்சை அழுத்திவிட்டால் தண்ணீரை உறிஞ்சுகிறதல்லவா, அந்த மாதிரி, நடக்கும்போது அமுங்கி, விடும்போது உறிஞ்சிக்கொள்கிறது. ஆகையால் காலை அசைக்காமல் கட்டிப்போட்டாலும் அது பட்டினி. அளவுக்கு மீறி அழுத்தினாலும் நசுக்கல். நரம்பும் அதில் இல்லை. அதனால்தான் தேய ஆரம்பிக்கும்போது வலிப்பதில்லை. வலிக்கிற சமயத்தில் பாதிக் கதை முடிந்திருக்கிறது.

இறங்கும்போது ஏன் வலி என்று நானே கேட்டேன். ஜெர்மனியில் சில பேருக்குச் செயற்கை மூட்டு வைத்தபோது, அதற்குள்ளேயே அளவுகோல் ஒன்றை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள்; 2010-இல் வெளியாகியிருக்கிறது. சமதரையில் நடந்தாலே உடம்பின் எடையைப்போல் இரண்டரை மடங்குக்குமேல் பாரம் முழங்காலில் விழுகிறது. படி ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல். இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. அடுத்த படியில் விழாமல் உடம்பை மெள்ள இறக்கி வைப்பது தொடைச் சதையின் வேலை. வண்டிக்குப் பிரேக் மாதிரி. சதை களைத்துப்போனால் பிரேக் தேய்ந்த வண்டி மாதிரி எல்லாம் மூட்டின் தலையில் விழுகிறது. என் கணவரின் எடை அப்போது 82 கிலோ. அதோடு தோளில் காலி சிலிண்டர். மிச்சக் கணக்கை என் பெண்ணைப் போலவே நீங்களும் போட்டுக்கொள்ளலாம்.

"ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடுமா?" என்று இவர் கேட்டார்.

"இப்ப தேவையில்லை. பண்ணினாலும் அந்த மூட்டை வெச்சுக்கிட்டு நீங்க சிலிண்டர் தூக்க முடியாது" என்றாள் டாக்டர்.

செயற்கை மூட்டு பத்தில் எட்டு, 25 வருஷம்வரை தாங்குகிறதாம். ஆனால் அது நடக்க, கோயிலுக்குப் போக, பேரனைத் தூக்க. முப்பது கிலோவைச் சுமந்து படி ஏற அல்ல. ஆக, பிழைப்புக்கு இருக்கிறது இந்தப் பழைய மூட்டுதான். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று சொல்லி, மாடியில் உள்ள பிஸியோதெரபி அறைக்கு அனுப்பினாள். அதற்கும் படி ஏற வேண்டியிருந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

அந்த அறையில் சொல்லிக்கொடுத்த தேகப்பயிற்சி மிகச் சாதாரணமாக இருந்தது. இதற்கா காலையிலிருந்து காத்திருந்தோம் என்று இவருக்கு ஏமாற்றம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை. படுத்துக்கொண்டு முழங்காலை மடக்காமல் ஒரு முழ உயரம் தூக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் துணிச் சுருளை வைத்து அதை அமுக்க வேண்டும். காலை, மாலை. அவ்வளவுதான்.

"நான் தினம் 432 படி ஏறுறேன். இதைவிடவா பயிற்சி?" என்றார் இவர்.

அங்கே இருந்த அம்மாள் நல்ல அனுபவசாலி. "அது வேலைங்க. இது பயிற்சி. வேலை சதையைக் களைக்க வைக்கும். இது சதையை வளர்க்கும். ரெண்டும் ஒண்ணுன்னா ரிக்‌ஷா இழுத்தவங்க யாருக்கும் கால் வலியே வந்திருக்காது" என்றார். அதற்கு இவரிடம் பதில் இல்லை. ரிக்‌ஷா இழுத்தவர்களை இவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். என் மாமனார் ஐஸ்ஹவுஸ் பக்கத்தில் ஒரு விறகுத் தொட்டியில் விறகு சுமந்தவர். அவருடைய கடைசிப் பத்து வருஷம் திண்ணையில்தான் போயிற்று. அப்பா கால் வளைந்துவிட்டது என்று இவர் சொல்வாரே தவிர, ஏன் வளைந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்திருக்கிறார் போலிருக்கிறது. வரும் வழியில் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அம்மாள் இன்னொரு வித்தையும் சொல்லிக் கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வலிக்கிற கால் உடம்பின் பாரத்தைத் தூக்கவும் வேண்டாம், பிரேக் போடவும் வேண்டாம். அந்த வேலையை நல்ல கால் பார்த்துக்கொள்ளும். முழங்கால் வலியுள்ள சகோதரிகள் இதை இன்றைக்கே உங்கள் வீட்டு மாடிப்படியில் பரீட்சித்துப் பார்க்கலாம். முழங்கால் தேய்மானம் ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களைவிட நமக்குத்தான் அதிகமாம். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. எதிர்வீட்டு அக்கா பிரண்டைத் துவையல் கொண்டுவந்தார். பின்கட்டு ஆயா முடக்கத்தான் தோசை வார்க்கச் சொன்னார். பெயரிலேயே முடக்கை அறுப்பது இருக்கிறதாம். கீழ்வீட்டில் நொச்சி இலை ஒத்தடம். இதில் எதுவும் கெடுதல் இல்லை. முடக்கத்தான் தோசை உண்மையில் ருசிதான். வாரம் ஒரு நாள் இப்போதும் வார்க்கிறேன். ஒத்தடம் பிடித்துக்கொண்ட கால் இளக உதவுகிறது. வீக்கம் இருக்கிற நாளில் சூட்டைவிட ஐஸ் மேல். துணியில் சுற்றி வைக்க வேண்டும். நேராக வைத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் எந்த இலையும் எந்தத் தைலமும் தேய்ந்த வழுக்கையைத் திரும்ப வளர்க்காது. மூட்டுக்கென்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்களே குளுக்கோஸமைன் மாத்திரை, அதையும் கேட்டுப் பார்த்தேன். "பரிசோதனைகள்ல பெரிசா பலன் தெரியலை. அந்தக் காசுக்குப் பழம் வாங்கிக் கொடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டாள்.

கடினமான பகுதி சமையலறையில்தான் இருந்தது. எடையைக் குறைக்க வேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அமெரிக்காவில் 2005-இல் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இதைச் சொன்னதும் இவர், "சோறு தின்னாத்தான் சிலிண்டர் தூக்க முடியும்" என்று தட்டை முன்னால் நகர்த்தினார். நியாயமான வாதம். நான் சோற்றை நிறுத்தவில்லை. இடத்தை மாற்றினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மலைபோல் போட்டுக்கொண்டிருந்த சோற்றைப் பாதியாக்கி, காலையில் சுண்டலும் முட்டையும் கொடுத்தேன். வழியில் குடிக்கிற நாலு டீயில் மூன்றுக்குச் சர்க்கரை போகிறது என்று தெரிந்து, டீக்கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இவருக்கு ஒரு வாரம் என்மேல் கோபம். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. ஐந்து நாலு இருபது. ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ!

தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதை விட்டு முக்காலிக்கு மாறினோம். குந்தி உட்காருகிற கழிவறைக்கு மேல் வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினோம். வீட்டுக்காரரிடம் கெஞ்சி இடித்துக் கட்ட வேண்டியதில்லை. இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று என் பெண் கூச்சப்பட்டாள். காலையில் முழங்கால் மடங்காமல் தவிக்கிறவர்களுக்கு இது கூச்சப்பட வேண்டிய விஷயமாகத் தோன்றாது.

செட் மாத்திரை நின்ற முதல் இரண்டு மாதம் வீட்டில் நரகம்தான். ஸ்டீராய்டு கலந்திருந்ததால் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினாள். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்தாம். ராத்திரி இவர் புரண்டு புரண்டு படுப்பார். நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். நான் விழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் முனகுவதைக்கூட நிறுத்திவிடுவார்.

உடம்பு இப்படி ஒரு பக்கம் இருக்க, வேலை அப்படியேதான் இருந்தது. சிலிண்டர் எடை குறையவில்லை. மாடி இறங்கி வரவில்லை. அமெரிக்காவில் தொழில் சுகாதார நிலையம் ஒன்று 1991-இல் திருத்திய ஒரு சூத்திரம் இருப்பதாக என் பெண் படித்துச் சொன்னாள். சுமை உடம்போடு ஒட்டி இருந்து, இடுப்பைத் திருப்பாமல், நல்ல பிடியோடு, எல்லா சௌகரியமும் கூடி வந்தால்கூட ஒருவர் தூக்கத் தகுந்தது 23 கிலோதானாம். நம் திருவல்லிக்கேணிப் படியில் அந்தச் சௌகரியங்களில் ஒன்றும் கிடையாது.

இங்கே வாசல் பக்கத்து விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். நானும் ஒரு வீட்டுக்குக் கதவு திறக்கிறவள்தான்.

முதலாவது அந்த ரகசிய எண். பதிவு செய்தால் போனுக்கு ஓர் எண் வருகிறதே, அதைச் சொன்னால்தான் சிலிண்டரை ஒப்படைக்க முடியும். நல்ல ஏற்பாடு, நம் சிலிண்டர் வேறு வீட்டுக்குப் போகாது. ஆனால் இவர் மூன்றாம் மாடியில் தோளில் சிலிண்டரோடு நிற்கும்போதுதான், "இருங்க, அது அவர் போனுக்கு வரும், அவர் ஆபீஸ்ல இருக்கார்" என்பார்கள். அவருக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டார். மீட்டிங்காம். இறக்கி வைத்துவிட்டு நிற்கலாமே என்று கேட்கலாம். இறக்கினால் திரும்பத் தூக்க வேண்டும். தரையிலிருந்து தோளுக்குத் தூக்குவது, பத்துப் படி ஏறுவதைவிட மோசம். இப்போது இவர் கீழே நின்றே எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார். கீழேயிருந்து கத்துகிறார் என்று சிலருக்கு வருத்தம்.

இரண்டாவது, பணம். கொண்டுவந்து போடுவதற்கான கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு காசும் தர வேண்டியதில்லை. இது சட்டம். கட்டாயப்படுத்திக் கேட்பது தப்பு என்றுதான் நானும் சொல்வேன். இவரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதே சமயம் எடை போட்டுக் காட்டச் சொல்லி வாங்குவதும் நம் உரிமை. அந்தத் தராசையும் இவர்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். ஆனால் பில்லில் தரைத்தளத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் ஒரே கட்டணம்தான் இருக்கிறது. அந்த வித்தியாசம் எங்கே போகிறது என்றால், இவருடைய வலது முழங்காலில் போகிறது. மனமுவந்து யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும், கொடுக்காவிட்டால் முகத்தைச் சுளிக்காமல் வரட்டும் என்பது என் கட்சி. முகத்தைச் சுளிக்காமல் இருப்பதுதான் சிரமம் என்கிறார் இவர்.

ஒரு வீட்டில் மூன்றாம் மாடியில் ஒரு மாமி இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். சிலிண்டர் வருகிற நாளில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பழைய மர ஸ்டூலைப் போட்டுவைத்திருப்பார். "அதுல வெச்சுட்டு மூச்சு வாங்கிண்டு வாப்பா, அவசரமில்லே" என்பார். இடுப்பு உயரத்தில் இறக்குவதால் திரும்பத் தோளுக்கு ஏற்றுவது சுலபம். காசு பத்து ரூபாய்தான் கொடுப்பார். இவர் ஒரு தடவைகூட அந்த வீட்டுச் சிலிண்டரைத் தாமதப்படுத்தியது கிடையாது.

கம்போஸிட் சிலிண்டர் என்று 2021 முதல் ஒன்று வந்திருக்கிறது. இரும்பு இல்லை, கண்ணாடி இழையும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்தது. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். பத்துக் கிலோ கேஸ் பிடிக்கும்; நிரப்பினாலும் பழைய சிலிண்டரில் ஏறக்குறைய பாதி எடைதான். முன்பணம் அதிகம் என்பதால் அதிகம் பேர் வாங்கவில்லை. தனியாக இருக்கிற வயதானவர்கள், மேல் மாடியில் இருக்கிறவர்கள் ஏஜன்ஸியில் விசாரித்துப் பார்க்கலாம். அடுப்படியில் நகர்த்துவது உங்களுக்கும் சுலபம்.

கடைசியில் ஏஜன்ஸியில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு இவர் போனார். முதலாளி உடனே கோடவுனில் கணக்கெழுதுகிற வேலையைத் தருகிறேன் என்றார். நல்ல மனசுதான், ஆனால் சம்பளம் பாதி. பெண்ணின் காலேஜ் பீஸை நினைத்துக்கொண்டு இவர் தலையைச் சொறிந்தார். அப்போது உதவிக்கு வந்தவன் வந்தவாசியிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த பையன். வயது இருபத்து நாலு. லோடு ஆட்டோ ஓட்டத் தெரியாது, தெருவும் தெரியாது. "அண்ணே, நீங்க வண்டிய ஓட்டுங்க, கீழ் வீட்டுக்கெல்லாம் போடுங்க. மாடிய நான் பாத்துக்கறேன். வர்ற காசு சரிபாதி" என்றான்.

சரிபாதி என்றால் முன்னைவிடக் குறைவுதான். ஆனால் கோடவுன் சம்பளத்தைவிட அதிகம். நான் ஜாக்கெட் தைப்பதில் வாரத்துக்கு நாலு கூடச் சேர்த்தேன். இப்படியாக இப்போது பத்து மாதம் ஓடியிருக்கிறது. கிரியாட்டினின் 1.2-க்கு இறங்கியிருக்கிறது. வலி போய்விட்டதா என்றால், இல்லை. மழை நாளில் இருக்கிறது. அதிக நேரம் கிளட்சை மிதித்தால் இருக்கிறது. காலையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறார்.

ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. மாடிப் படி எங்கும் போய்விடவில்லை. வேறொருவன் தோளுக்குப் போயிருக்கிறது. அந்தப் பையனைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, காலை நீட்டி ஐந்து எண்ணச் சொன்னேன். "எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? எனக்கு ஒரு வலியும் இல்லையே" என்று சிரித்தான். குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது என்று டாக்டர் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். மாடிக்கு மாடி தோளை மாற்றிக்கொள்ள வேண்டும், திருப்பத்தில் இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்ப வேண்டும், மாத்திரைக் கடைப் பக்கம் போகக் கூடாது என்று இவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எத்தனை கேட்கிறான் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ராத்திரி எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டி எண்ணுகிற நாட்களும் உண்டு. டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், நானும் சேர்ந்துகொள்வேன்.

இப்போதைய கவலை தீபாவளி. பலகாரம் சுடுகிற வாரம். எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் சிலிண்டர் பதிவு செய்வார்கள். முப்பது என்பது நாற்பது, நாற்பத்தைந்து ஆகும். அந்த வாரம்தான் பையனுக்கு ஊரில் அக்கா கல்யாணமாம். ஐந்து நாள் லீவு சொல்லியிருக்கிறான். "ஐந்து நாள்தானே, நான் சமாளிச்சுக்குவேன்" என்கிறார் இவர். நான் மூன்றாம் மாடி மாமியிடம் பேசி, அவர் தெருவில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பத்து நாள் முன்னாலேயே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினாலு வீடு சரி என்றிருக்கிறார்கள்.